ஏழுமலை சாருக்குக் கொடுத்த மூன்று நாள் தண்டனை

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு மனிதருக்கு நான் தண்டனை கொடுத்தேன். மூன்று நாள் வாயைத் திறக்கக் கூடாது.

நான் ஜட்ஜ் இல்லை. போலீஸ் இல்லை. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்கூட இல்லை. ஒரு வாட்ஸப் குரூப்பின் அட்மின். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதவிக்கு வருகிற தலைக்கனம் இருக்கிறதே... மேலே சொன்ன மூன்று பேரையும் சேர்த்துக் கட்டினாலும் ஈடாகாது.

குரூப்பின் பெயர் ‘வெட்டி அரட்டை’. புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பேப்பரில் நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் போட்டவர்கள், போனில் திட்டியவர்கள், சும்மா விசாரித்தவர்கள் என்று நாற்பது பேர் சேர்ந்து ஆரம்பித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அதுதானே அதன் சுகமே?

குரூப்பில் விதிகள் மூன்று. அரசியல் கூடாது. ஃபார்வர்டு கூடாது. ஒருமுறை வந்த துணுக்கு மறுபடி வரக் கூடாது. மீறினால் மூன்று நாள் மௌன தண்டனை. தீர்ப்பு சொல்வது அடியேன்.

இதுவரை எத்தனையோ பேருக்குத் தண்டனை கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட மதித்தது கிடையாது. ஷார்ஜாவில் இருக்கிற கோட்டக்குப்பத்துக்காரர் சலீம் பாய்க்குத் தீர்ப்பு சொன்னால் அடுத்த நிமிஷமே, ‘மை லார்ட், ஜாமீன் வேணும்’ என்று ஒரு பிரியாணி படம் வரும். நானும் விடுதலை செய்துவிடுவேன். அதுதான் விளையாட்டு. அது விளையாட்டு என்று குரூப்பில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை தண்டனை வாங்கியவர் மரக்காணம் ஏழுமலை சார்.

ஏழுமலை சார்தான் எங்கள் குரூப்பின் காலை பேப்பர். தினமும் ஆறு மணிக்கு ஒரு துணுக்கு போடுவார். வெள்ளி கிரகத்தில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருஷத்தைவிட நீளம். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் ஏழே எலும்பு, நமக்கும் அதே ஏழுதான். நத்தைக்கு ஆயிரக்கணக்கில் பல் உண்டு. இப்படி... யாருக்கும் எதற்கும் பயன்படாத, ஆனால் படித்துவிட்டு நாள் முழுக்க யாரிடமாவது சொல்லத் தோன்றுகிற விஷயங்கள். இடையஞ்சாவடி விமலா டீச்சர் தன் வகுப்பை இந்தத் துணுக்கில்தான் ஆரம்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார் என்பது எங்கள் முடிவு. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. முதல் வாரத்தில் விமலா டீச்சர், ‘சார் எந்த ஸ்கூல்?’ என்று கேட்டதற்கு ஒரு கும்பிடும் கையைப் போட்டார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். நாங்களே வேலை கொடுத்து, நாங்களே ரிட்டயர் ஆக்கி, ‘சார்’ பட்டமும் கொடுத்துவிட்டோம்.

நடுவில் ஆனி மாதத்தில் பதினாறு நாள் ஆளைக் காணோம். சார் எங்கே, சார் எங்கே என்று ஒரே கூப்பாடு. பதினேழாம் நாள் திரும்பவும் துணுக்கு வந்தது. எல்லோரும் பட்டாசு படம் போட்டு வரவேற்றார்கள். நான் மட்டும் என் பதவிக்குத் தகுந்தபடி, ‘லீவ் லெட்டர் எங்கே?’ என்று கேட்டேன்.

அதற்கும் ஒரு கும்பிடும் கை வந்தது.

அதன் பிறகு சாரிடம் சின்னச் சின்ன மாற்றங்கள். ஆறு மணித் துணுக்கு பத்து மணிக்கு வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வார். இப்போது எல்லாவற்றுக்கும் கும்பிடும் கை மட்டும்தான். ‘சாருக்கு கெத்து வந்துடுச்சு’ என்று சலீம் பாய் கிண்டல் பண்ணினார். ‘வயசானா தூக்கம் ஜாஸ்தியாவும்’ என்று இன்னொருவர். நாற்பது பேரும் தினமும் பார்த்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் சாரின் துணுக்கு: ‘ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்.’

விமலா டீச்சர் பிடித்துக்கொண்டார். ‘சார்! இது நீங்க குரூப்புக்கு வந்த முதல் வாரமே போட்டது! நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்!’

அவ்வளவுதான். மாட்டினார் ஏழுமலை சார்! ஒருமுறைகூட ரிப்பீட் அடிக்காத மனிதர் அல்லவா? குரூப்பே கொண்டாடியது. நான் கோட்டு மாட்டிக்கொண்டு நீதிமன்றம் ஏறினேன். இப்படி எழுதினேன்: ‘குற்றம் ஐயமின்றி நிரூபணமாகிவிட்டது. ஏழுமலை சாரின் ஸ்டாக் தீர்ந்துவிட்டதா என்ற சந்தேகமும் எழுகிறது. மூன்று நாள் வாயைத் திறக்கக் கூடாது.’

கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. ஏழுமலை சாரிடமிருந்து கும்பிடும் கை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

மூன்று நாள் போனது. நான்கு, ஐந்து. ‘சார், விளையாட்டுக்குச் சொன்னது’ என்று யாராவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அட்மின் இறங்கி வருவதாவது? ஏழாம் நாள் தனியாக ஒரு மெசேஜ் போட்டேன். ‘சார், சௌக்கியமா?’ இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. போன் அடித்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு இந்தக் குரூப் மீது பொதுவாகவே மரியாதை கிடையாது. ஆனால் அன்றைக்குக் காய் நறுக்கிக்கொண்டே ஒரே வரியில் தீர்ப்பு சொன்னாள். “வாயை மூடச் சொன்னது நீங்க. போய்த் திறக்கச் சொல்ல வேண்டியதும் நீங்கதான்.”

ஒன்பதாம் நாள் காலையில் எங்கள் ஊர் பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மரக்காணம் நெருங்கும்போது ரோட்டோரம் உப்பளங்கள். கோடையில் கண் கூசுகிற இடம். இப்போது பாத்திகள் எல்லாம் மழைத் தண்ணீரில் முழுகி, வரப்புகூடத் தெரியாமல், ஏரி மாதிரி கிடந்தது. வாரிக் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒரு ஆள் இல்லை. மழைக் காலத்தில் அங்கே யாருக்கும் வேலை இல்லை.

என்னிடம் விலாசம் கிடையாது. ஒரு பெயர், ஒரு போட்டோ. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடையில் கேட்டேன்.

“ஏழுமலை சார் வீடு எங்க இருக்குதுங்க?”

“சாரா? எந்த சாரு?”

“சயின்ஸ் வாத்தியார். ரிட்டயர்டு.”

டீக்கடைக்காரர் யோசித்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் யோசித்தார்கள். “ஏழுமலைன்னு வாத்தியாரே இல்லீங்களே இங்க. ஏழுமலைன்னா பத்து பேரு இருக்காங்க. ஒருத்தரும் சாரு இல்ல.”

போனை எடுத்து அவருடைய புரொஃபைல் படத்தைக் காட்டினேன். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, படிய வாரிய தலை. டீக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட... நம்ம அளத்து ஏழுமலைங்க! உப்பு வார்றவன். சட்டை போட்டுக்கினு இருக்கவும் அடையாளம் தெரியல.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “அவன் செத்து நாலு மாசம் ஆவுதே.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“இல்லீங்க. ஒன்பது நாளுக்கு முன்னாடிகூட மெசேஜ் போட்டாரே” என்றேன்.

டீக்கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொஞ்சம் மெதுவாக, பயந்த மனுஷனிடம் பேசுகிற மாதிரி சொன்னார். “நான்தாங்க சுடுகாட்டுக்குப் போன மேளக்காரங்களுக்கு டீ கொடுத்தேன். ஆனி மாசம். அளத்துலயே நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்துட்டான். ஆட்டோ வர்றதுக்குள்ள போயிட்டான். நீங்க உக்காருங்க சார்... டீ போடறேன்.”

டீ குடிக்கவில்லை. வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தேன்.

தலைக்கு மேல் சிமென்ட் ஷீட் போட்ட ஒரே அறை வீடு. ஒழுகுகிற இடத்தில் ஒரு அலுமினிய அன்னக்கூடை. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஒரு அம்மா வந்தார். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் என் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ‘வெட்டி அரட்டை’ என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“அட்மின் சாருங்களா?”

தலையாட்டினேன்.

அவர் அவசரமாக முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “நான் ஒன்னும் போடலீங்க. நீங்க சொன்னதுலருந்து ஒரு மெசேஜுகூட போடலீங்க சார்.”

“மூணு நாள்தானேம்மா சொன்னேன். அது முடிஞ்சி எவ்வளவோ நாள் ஆச்சே...” என்று ஏதோ உளறினேன்.

“முடிஞ்சிடுச்சுதாங்க. ஆனா பேசலாம்னு நீங்க சொல்லலீங்களே?”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது. அந்த அம்மாவும் உப்பளத்தில்தான் வேலை. கூடையில் உப்பு சுமப்பவர். அளத்தில் யாராவது தப்பு செய்தால் மேஸ்திரி, ‘ரெண்டு நாள் வராதே’ என்பார். ரெண்டு நாள் கழித்து தானாகப் போய் நிற்கக் கூடாது. போனால் திமிர் என்று அர்த்தம். மேஸ்திரி சொல்லி அனுப்ப வேண்டும். அதுவரை வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குத் தெரிந்த தண்டனை அது ஒன்றுதான். நான் சொல்லி அனுப்புவேன் என்று காத்திருந்திருக்கிறார்.

“போன் பண்ணேனேம்மா. எடுத்திருக்கலாமே?”

“எப்பிடிங்க எடுக்கறது? எடுத்தா பொம்பள கொரல் கேக்குமே.”



உள்ளே கூப்பிட்டார். பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்து, அதற்குள் இருந்த நீள நோட்டைப் பிரித்து என் மடியில் வைத்தார். அட்டையில், ‘துணுக்கு’ என்று குண்டுக் குண்டாக எழுதியிருந்தது.

ஏழுமலை எட்டாவது வரை படித்தவராம். வடை மடித்துக் கொடுக்கிற பேப்பர், சலூனில் கிடக்கிற பழைய புத்தகம், பேத்தியின் பாடப் புத்தகம் எதையும் விடமாட்டாராம். படித்ததைச் சேர்த்துச் சேர்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். குரூப்பில் போட்டதும் ஓரத்தில் ஒரு டிக். விடியற்காலையிலேயே அளத்துக்குப் போய்விட்டு, ஆறு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து போடுவாராம்.

“கஞ்சி குடிக்கும்போது யார் யாரு என்னா சொன்னாங்கன்னு எனக்குப் படிச்சிக் காட்டுவாருங்க. டீச்சரம்மா சூப்பர் சார்னு சொல்லியிருக்காங்க பாரு, ஷார்ஜாலருந்து பாய் கை தட்டியிருக்காரு பாருன்னு. நான், சரி சரி, கஞ்சிய குடின்னுவேன்.”

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு துணுக்குக்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

‘விமலா டீச்சர் — சூப்பர் சார். சலீம் பாய் — கைதட்டல். அட்மின் — ஒன்றும் சொல்லவில்லை.’

அடுத்த பக்கம். ‘விமலா டீச்சர் — குட்மார்னிங் சார், அருமை. அட்மின் — ஒன்றும் சொல்லவில்லை.’

அதற்கடுத்த பக்கம். அட்மின் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த பக்கம்...

இரண்டு வருஷமாக அந்தத் துணுக்குகளைக் காலைக் காப்பியோடு படித்தவன் நான். ஒரு ‘குட்மார்னிங்’ போட எனக்கு என்ன கேடு? அட்மின் எல்லோருக்கும் பதில் போட்டால் மதிப்பு போய்விடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை எந்தச் செருப்பால் அடிப்பது என்று தெரியவில்லை.

ஆனி மாதப் பக்கத்திலிருந்து அந்தச் சின்ன வரிகள் இல்லை. வெறும் டிக் மட்டும்.

“காரியம் முடிஞ்சி எங்க பொண்ணு திண்டிவனம் போயிட்டுதுங்க. அவரு போன எடுத்துப் பாத்தேன். சார் எங்க போனீங்க, சார் உடம்பு நல்லா இருக்கா, சார் நீங்க இல்லாம போரடிக்குதுன்னு அம்பது அறுபது கெடந்துச்சு. இவரு இல்லன்னு போட்டுடலாம்னுதான் ஒக்காந்தேன். எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான். ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி... பாதி அடிச்சேன். அப்புறம் மனசு வரலீங்க.”

“ஏம்மா?”

அஞ்சலை அம்மா அன்னக்கூடையை ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார். ஒழுகல் இடம் மாறியிருந்தது.

“இந்த ஊர்ல அவர யாரும் சாருன்னு கூப்ட்டதில்லீங்க. மேஸ்திரி டேய்ம்பாரு. டீக்கடையில ஏம்பாம்பாங்க. வயசுல சின்னவங்ககூட ஏ ஏழுமலைன்னுதான். அந்தப் போன்ல மட்டுந்தான் சார், சார்னு இருந்துச்சு. செத்துட்டாருன்னு சொன்னா எல்லாரும் அழுவுற பொம்மைய போடுவீங்க. ஒரு நாளு, ரெண்டு நாளு. அதுக்கப்புறம் குட்மார்னிங் சாருன்னு யாரு போடுவாங்க?”

அவர் சொன்னது பொய்யா? நமக்குத் தெரியாதா நம் லட்சணம்? ஒரு இரங்கல் ஸ்டிக்கர், இரண்டு கும்பிடும் கை... மூன்றாம் நாள் யாராவது ஒரு ஜோக் போடுவோம். நானேகூடப் போடுவேன்.

ஆகவே அந்த அம்மா நோட்டைத் திறந்து, டிக் போடாத துணுக்காகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்திருக்கிறார். ஒரு துணுக்குக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம். அளத்திலிருந்து வந்து குளிப்பதற்கு முன்னால் அதுதான் முதல் வேலை. அதனால்தான் பத்து மணி. நாங்கள் கெத்து என்றோம். தூக்கம் என்றோம்.

“லீவு லெட்டர் எங்கன்னு நீங்க கேட்டீங்களே... எனக்குப் பயமாப் போச்சுங்க. கண்டுபுடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“ஐயோ, அது விளையாட்டும்மா...”

“தெரியுங்க. அவரு இருந்தா சிரிச்சிருப்பாரு. எனக்கு எது வெளையாட்டுன்னு தெரியலீங்க.”

ஆக்டோபஸ் பக்கத்தை எடுத்துக் காட்டினார். ஆரம்பத்தில் போட்டவற்றுக்கு ஏழுமலை சார் டிக் போடுகிற பழக்கம் இல்லை போலிருக்கிறது. டிக் இல்லாததைப் பார்த்து இந்த அம்மா போட்டுவிட்டார். “என்னாலதாங்க அவருக்குக் கெட்ட பேரு. ஸ்டாக் தீந்துடுச்சான்னு கேட்டீங்க. இன்னும் இருக்குதுங்க. நெஜமா இருக்குது. எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். பதினொன்று இருந்தது.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பாதி நேரம் வாயளவில்தான். அன்று எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. அந்த அம்மா என்னை மன்னிக்கக் காத்திருக்கவில்லை. நான் அவரை மன்னிப்பதற்காகக் காத்திருந்தார். அதை எப்படிச் சொல்லிச் சரிசெய்வது?

“குரூப்ல சொல்லிடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“இது முடியட்டுங்க. பதினோரு நாள்தானே? முடிஞ்சதும் நானே சொல்றேன். அப்ப நீங்க சொல்லுங்க.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். எதையோ கேட்கத் தயங்கினார். நான் நின்றேன்.

“அப்ப... போடலாங்களா சார்?”

தூறலில் நின்றுகொண்டே போனை எடுத்தேன். குரூப்பில் எழுதினேன்: ‘தண்டனை முடிந்தது. தீர்ப்பு தவறு என்று தெரிய வந்திருக்கிறது. ஏழுமலை சார் பேசலாம்.’

உள்ளே அலமாரியில் இருந்த போன் ‘டிங்’ என்றது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

இறந்து போன மனிதருக்கு வாயைத் திறக்காதே என்று தண்டனை கொடுத்த அட்மின் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விமலா டீச்சர் இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

மறுநாள் பத்து மணிக்குத் துணுக்கு வந்தது. தேன் கெட்டுப்போவதே இல்லை. குரூப் துள்ளிக் குதித்தது. ‘வெல்கம் பேக் சார்!’ ‘அட்மின் ஒழிக!’ நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு வருஷத்தில் முதல்முறையாக எழுதினேன். ‘குட்மார்னிங் சார்.’

அனுப்புகிற பட்டனை அழுத்த விரல் வரவில்லை. யாருக்குச் சொல்கிறேன்? செத்தவருக்கா? உயிரோடு அந்த ஒழுகுகிற வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கா? தெரியாது. அழுத்திவிட்டேன்.

பதினோரு நாளும் போட்டேன். பதினோரு நாளும் உங்களிடம் மறைத்தேன். நண்பர்களே, அதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று நம் நாற்பது பேருக்கும் தெரியும். அதைச் சொன்னவருக்கு ஒன்றே ஒன்று இருந்தது, அது ஆனி மாதம் உப்பு வரப்பில் நின்றுபோனது என்று நம்மில் யாருக்குத் தெரிந்தது? வெள்ளி கிரகம் வரை போய் வந்தோம். மரக்காணம் போக மட்டும் நமக்கு நேரமில்லை. எனக்கு வீட்டு வாசலிலேயே பஸ். எனக்குத்தான் மன்னிப்பே கிடையாது.

பதினோராவது துணுக்கு போன வாரம் வந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். பிறகு தின்கிற தீனியால்தான் சிவப்பாகிறது.’ அதற்கு சலீம் பாய், ‘அப்ப நான் பரோட்டா கலர்ல இருக்கணுமே சார்’ என்று போட்டார். குரூப்பே சிரித்தது. பாய், வருத்தப்படாதீர்கள். நல்ல பதில்தான். அவர் இருந்திருந்தால் வரப்பில் உட்கார்ந்து அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருப்பார்.

மறுநாள் துணுக்கு வரவில்லை. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. பிறகு என் போன் அடித்தது. ஏழுமலை சார் என்று பெயர் வந்தது. இரண்டு வருஷத்தில் அந்த நம்பரிலிருந்து எனக்கு வந்த முதல் போன்.

“தீந்துடுச்சுங்க சார்” என்றார் அஞ்சலை அம்மா. பின்னால் மழை பெய்கிற ஓசை கேட்டது. “நோட்ல கடைசியா எழுதிட்டேங்க. அவரு எழுதற மாதிரியே. அட்மின், குட்மார்னிங் சார்னு. பதினோரு நாளைக்கும் எழுதிட்டேன்.”

நான் அழுதேன். சொல்வதற்கென்ன? அழுதேன்.

“இனிமே நீங்களும் துணுக்கு போடலாமேம்மா. உங்களுக்கும் எவ்வளவோ தெரிஞ்சிருக்குமே?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

“எனக்கு என்னாங்க தெரியும்? பாத்தியில மொதல்ல பாலாடை மாதிரி உப்பு மெதக்கும், காத்தடிச்சா அடியில எறங்கிடும். இதெல்லாம் யாருக்கு வேணும்? வேணாங்க. இந்தப் போன எம் பொண்ணுக்குக் குடுத்துடறேன். அது நம்பர் மாத்திக்கும்.”

அவ்வளவுதான். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் வற்புறுத்தவில்லை.

“நீங்க இப்ப எல்லாருக்கும் சொல்லிடுங்க சார். பேப்பர்லயே எழுதுவீங்களாமே... எழுதுங்க. ஒன்னே ஒன்னுங்க. அவரு செத்தப்ப போஸ்டர் ஒட்டலீங்க. ஒட்டறதுக்கு ஆளும் இல்ல. அதனால நீங்க எழுதும்போது பேருக்குப் பின்னால அத மட்டும் விட்டுடாதீங்க.”

எது என்று நான் கேட்கவில்லை.

விடவில்லை, அஞ்சலை அம்மா. இதோ.

மரக்காணம் ஏழுமலை சார் காலமானார்.